எந்தக் கோலி, எந்த வீட்டுக்கு?

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு ஆண்டுகளாக இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வசிக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஐந்து. மகள் இரண்டு ஆண்டுகளாக நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகனோ, சென்ற விடுமுறையில் ஊரில் ஒரு தெருநாய் துரத்தியதிலிருந்து, நாயைக் கண்டாலே என் பின்னால் ஒளிந்துகொள்கிறான். சிறுவயதில் தொலைக்காட்சியில் பார்த்த லாஸ்ஸியைப் போன்ற நீள்முடிக் கோலிதான் என் மனத்தில் இருக்கிறது. ஆயிரம் சொற்களைப் புரிந்துகொள்ளும் பார்டர் கோலியே சிறந்தது என்பது என் கணவரின் கட்சி. அவருடன் வேலை பார்ப்பவரின் பண்ணையில் ஒரு குட்டியை இலவசமாகவே தருகிறார்களாம். இதற்கிடையே, நீலக் கண்களும் பெரும்பாலும் வெள்ளை உடலும் கொண்ட ஒரு கோலிக் குட்டி இணையத்தில் பாதி விலைக்கு வந்திருக்கிறது. நாங்கள் இருவரும் வாரத்தில் மூன்று நாள் அலுவலகம் செல்கிறோம். ஆண்டில் ஆறு மாதம் எங்களுடன் தங்கும் மாமியாருக்கு உதிரும் முடியும் பூஜை அறையும்தான் கவலை. நான்கைந்து ஆண்டுகளில் ஊர் திரும்பும் எண்ணமும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று குட்டிகள் இருக்கின்றன. மூன்றுக்கும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பண்ணைக் குட்டியை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். பாதி விலை வெள்ளைக் குட்டியைப் பார்ப்பதற்குக்கூடப் போகாதீர்கள். பார்த்தால் மனம் இளகி வாங்கிவிடுவீர்கள். நீங்கள் நினைத்திருக்கும் நீள்முடிக் கோலி உங்கள் வீட்டுக்குப் பொருந்தக்கூடியதுதான், ஆனால் நான் கீழே சொல்லும் இரண்டு சான்றுகளைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, ஆடு, குதிரை, நாய் என எல்லாம் வந்து நிற்கும் வட இங்கிலாந்து மருத்துவமனை ஒன்றில் நெடுங்காலமாக வேலை செய்பவன் என்ற முறையில், உங்கள் கணவர் கேட்கும் கோலியையும் நீங்கள் கேட்கும் கோலியையும் ஒரே வாரத்தில் மேசைமேல் ஏற்றிப் பார்க்கிறவன் நான். பெயர்தான் ஒன்று; வீட்டில் வைத்து வளர்க்கும்போது அவை இரண்டும் இரண்டு வேறு பிராணிகள்.

உங்கள் கணவரின் விருப்பத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. பார்டர் கோலியைப் போல மனிதரின் சொல்லைக் கூர்ந்து கவனிக்கும் நாய் வேறில்லை என்பதை மறுக்கமாட்டேன். அவர் குறிப்பிடும் ஆயிரம் சொற்கள் அறிந்த நாய், அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த சேஸர் என்னும் பெட்டை. தன்னிடம் இருந்த 1,022 பொம்மைகளின் பெயர்களை அது தனித்தனியே அறிந்திருந்தது என்பது 2011ஆம் ஆண்டு ஆய்விதழில் வெளிவந்த செய்தி. ஆனால் அந்தச் செய்தியின் மறுபாதியையும் அவர் படிக்க வேண்டும். அந்தப் பேராசிரியர் மூன்று ஆண்டுகள், நாள்தோறும் நான்கைந்து மணி நேரம், அந்த நாயுடனேயே உட்கார்ந்து அதற்குப் பாடம் சொன்னார். அத்தனை நேரம் தர முடியாத வீட்டில் அதே அறிவு சும்மா இருப்பதில்லை. தனக்குத் தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. அந்த வேலை பெரும்பாலும் வீட்டாருக்குப் பிடித்ததாக இருப்பதில்லை.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. இன்றைய பார்டர் கோலிகள் ஏறக்குறைய எல்லாவற்றின் குலவரிசையும், உங்கள் ஊருக்கு வடக்கே நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்னும் ஆட்டுப்பண்ணையாளரிடம் 1893இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற ஒரே ஆண் நாயிடம் போய்ச் சேர்கிறது. குரைக்காமல், கடிக்காமல், தலையைத் தாழ்த்திப் பதுங்கி, கண்ணால் உறுத்துப் பார்த்தே மந்தையை நகர்த்திய நாய் அது. 1906இல் மேய்ப்பர்கள் தங்களுக்கென ஒரு பன்னாட்டுச் சங்கத்தை அமைத்து, பின்னர் குலப்பதிவேடும் வைக்கத் தொடங்கிய பிறகும், எந்த நாய் நன்றாக வேலை செய்கிறதோ அதைத்தான் இனப்பெருக்கத்துக்கு விட்டார்களே தவிர, அழகையோ வீட்டுக்கு ஏற்ற சாந்தத்தையோ பார்த்துத் தேர்ந்தவர்கள் குறைவு. ஓநாயின் வேட்டையில் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்று ஒரு வரிசை உண்டு. மேய்ப்பர்கள் அதில் முன்பாதியைக் கூர்தீட்டிப் பின்பாதியை மழுக்கினார்கள். ஆடே இல்லாத தெருவில் அந்த முன்பாதிக்கு அகப்படுவது மிதிவண்டியும், காரும், ஓடியாடும் ஐந்து வயதுப் பையனும்தான். ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வி நிறுத்துவது பார்டர் கோலிக்குச் சினமன்று, கடமை. ஏற்கெனவே ஒரு நாய் துரத்தியதை நினைத்து நடுங்கும் உங்கள் மகனுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிப் புரியவைக்க முடியாது.

அதுவும் பண்ணையில் பிறந்த குட்டி என்பதால் அதன் தாயும் தந்தையும் வேலை நாய்களாகவே இருக்கும். இலவசமாகக் கொடுப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பண்ணைக்காரர்கள் தாராளமாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தக் குட்டிக்கு உரிய இடம் அந்தப் பண்ணையோ இன்னொரு பண்ணையோதான். ஓராண்டு முடிவில், சுவரைப் பிராண்டி, வாலைத் துரத்திச் சுழன்று, சுவரில் ஓடும் வெளிச்சப் புள்ளியை மணிக்கணக்கில் உறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் பார்டர் கோலிகளை என்னிடம் அழைத்து வருகிறவர்கள் கெட்டவர்கள் அல்லர். உங்களைப் போலவே வாரம் மூன்று நாள் அலுவலகம் போகிறவர்கள்.

இனி உங்கள் கோலிக்கு வருவோம். ரஃப் கோலி என்று இங்கே சொல்லப்படும் நீள்முடிக் கோலியும் ஸ்காட்லாந்தின் மேய்ப்பு நாய்தான். ஆனால் அது மந்தையை விட்டு மாளிகைக்கு வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. 1860களில் விக்டோரியா அரசியார் பால்மோரலில் தங்கியபோது அங்கிருந்த கோலிகளைக் கண்டு விரும்பித் தம் கொட்டிலில் வளர்க்கத் தொடங்க, செல்வர் வீடுகளில் அந்த ஆசை பரவியது. அதன்பின் நாய்க் கண்காட்சிகளுக்காக முகம் நீண்டது, பிடரி மயிர் பெருத்தது. மேய்க்கும் வேகம் மெல்ல மெல்ல ஆறிப்போனது. நஷ்டமும் உண்டுதான், ஆனால் உங்களைப் போன்ற குடும்பத்துக்கு அந்த ஆறிய வேகமே லாபம். ஆண் நாய் 56 முதல் 61 செ.மீ. உயரம் இருக்கும், பெட்டை அதில் ஐந்து செ.மீ. குறைவு, எடை 18 முதல் 30 கிலோ வரை. நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நடையும், தோட்டத்தில் கொஞ்சம் விளையாட்டும், மிச்ச நேரத்தில் வீட்டார் இருக்கும் அறையிலேயே படுத்திருக்க அனுமதியும் கிடைத்தால் அது நிறைவோடு இருக்கும். குழந்தைகளிடம் அதற்கு இருக்கும் பொறுமை கதைகளில் மிகைப்படுத்தப்பட்டிருந்தாலும் பொய்யன்று: தொந்தரவு மிஞ்சினால் எதிர்த்து நிற்பதைவிட எழுந்து வேறிடம் போவதே அதன் இயல்பு.

அதனிடம் இரண்டு குணங்களை நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்று குரைப்பு. பார்டர் கோலி கண்ணால் வேலை செய்தது என்றால், இந்தக் கோலியின் மூதாதைகள் குரலாலும் வேலை செய்தவை. அஞ்சல்காரர், பூனை, பறவை, மாலையில் வீடு திரும்பும் உங்கள் கார் என ஒவ்வொன்றுக்கும் அது ஒரு கருத்துச் சொல்லும். பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு என்றால், குட்டி வருவதற்கு முன்பே அண்டை வீட்டாரிடம் ஒரு சொல் சொல்லிவைப்பது நல்லது. மற்றது மென்மை. வீட்டில் யாராவது உரத்துப் பேசிக்கொண்டாலே அது ஒடுங்கிவிடும். அதட்டிப் பழக்க நினைத்தால் கெட்டுப்போகும். குழந்தைகளின் கூச்சல் அதற்குப் பழகிவிடும், பெரியவர்களின் சண்டைதான் பழகுவதே இல்லை என்பது என் அனுபவம்.

முடி பற்றி உங்கள் மாமியார் கவலைப்படுவது முற்றிலும் நியாயம். உள்ளே பஞ்சுபோன்ற அடிமயிரும் வெளியே நீண்ட முரட்டு மயிருமாக இரண்டு அடுக்கு அதற்கு உண்டு. வாரம் இருமுறை, தோலில் படும்படி பிரித்துப் பிரித்து வாரினால் போதும். காதுகளின் பின்புறம், முன்னங்கால் இடுக்கு, பின்தொடை ஆகிய மூன்று இடங்களில்தான் முதலில் சிக்கு விழும். ஆண்டுக்கு இரண்டு முறை அடிமயிர் கொத்துக் கொத்தாக உதிரும் இரண்டு மூன்று வாரங்களில் நாள்தோறும் வாரினாலும், சாம்பாரில் ஒரு முடியாவது மிதக்கத்தான் செய்யும். பெட்டைகளுக்குப் பருவம் வந்துபோனபின் இந்த உதிர்வு இன்னும் கூடுதல். திரையில் லாஸ்ஸி என்ற பெண் நாயாக நடித்தவை ஆண் நாய்களாக இருந்ததற்கு, படப்பிடிப்பு நடக்கும் கோடையிலும் மயிர் குலையாமல் இருந்ததும் ஒரு காரணம். உங்களுக்கு இன்னொரு மகிழ்ச்சி: லாஸ்ஸி கதைப்படி உங்கள் யார்க்‌ஷயர்க்காரி.

இந்த இடத்தில், நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்மூத் கோலி என்று ஒரு நாய் உண்டு. முகம், உயரம், குணம் எல்லாம் ரஃப் கோலியே, முடி மட்டும் கட்டை. சிக்கு எடுக்கும் வேலை இல்லை; மழையில் நனைந்து வந்தால் துண்டால் துடைத்தால் போதும். உதிர்வு இருக்கும், ஆனால் கைக்குள் அடங்கும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு இதுதான் முதல் தேர்வு. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டனின் கென்னல் கிளப் இதை அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பவை ஆண்டுக்கு 300 குட்டிகள்கூடப் பதிவாகாதவை. எனவே ஓராண்டு காத்திருக்கவும் நேரலாம். மகளின் கனவில் பிடரி மயிர் காற்றில் பறக்கிறது என்றால் நான் வற்புறுத்த மாட்டேன்.

நீலக் கண் வெள்ளைக் குட்டியைப் பற்றி நான் அவ்வளவு கடுமையாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கருமயிரைச் சாம்பல் நீலத் திட்டுகளாக மாற்றும் மெர்ல் என்னும் மரபணுவை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற குட்டி அழகாகவும் நலமாகவும் இருக்கும். நீல மெர்ல் என்பது கோலியின் அங்கீகரிக்கப்பட்ட நிறங்களில் ஒன்று. இரண்டு மெர்ல்களைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணுவை இருபுறமும் பெற்று, உடலில் பெரும்பகுதி வெள்ளையாகப் பிறக்கிறது. அப்படிப்பட்டவை பல காது கேளாமலும், கண்கள் சிறுத்தோ பார்வை இன்றியோ பிறக்கின்றன. ராஜபாளையம் நாய்களின் வெண்மைக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பைக் கேள்விப்பட்டவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. நிறமிச் செல் இல்லாத இடத்தில் காதின் உட்பகுதியும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. அத்தகைய சேர்க்கையில் பிறந்த மெர்ல் குட்டிகளைக் கென்னல் கிளப் பதிவு செய்வதில்லை. பாதி விலையின் விளக்கம் இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தக் குட்டியின் மேல் இரக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. காது கேளாத நாயைக் கையசைவால் பழக்கி அருமையாக வளர்ப்பவர்களை அறிவேன். ஆனால் முதல் நாயாக, பயந்த ஒரு சிறுவன் இருக்கும் வீட்டுக்கு அது ஏற்றதன்று.

இனி அந்த இரண்டு சான்றுகள். முதலாவது கண். கோலிக் கண் கோளாறு என்றே பெயர் பெற்ற ஒரு பிறவிக் குறை இந்த இனத்தில் பரவலாக இருக்கிறது: விழித்திரைக்குப் பின்னால் இரத்தக் குழாய்கள் நிறைந்த படலம் சரியாக வளராமல் போவது அது. பெரும்பாலான நாய்களுக்கு இது இலேசாகவே இருக்கும், வாழ்நாள் முழுதும் பார்வை கெடாது, வயதோடு வளரவும் வளராது. சிலவற்றுக்கு மட்டும் பார்வை நரம்பின் அருகே குழிவு விழுந்து, விழித்திரை பிரிந்து, உள்ளே இரத்தம் கசிந்து ஒரு கண்ணோ இரு கண்ணோ குருடாகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இலேசான குறையை ஆறேழு வார வயதில் கண் மருத்துவர் தெளிவாகப் பார்க்கலாம். மூன்று மாதம் கடந்தால் நிறமி படர்ந்து அது மறைந்துவிடும். வளர்ந்த நாயைக் காட்டி, இதன் கண் சுத்தம் என்று ஒருவர் சொன்னால் அது உண்மையாகவும் இருக்கலாம், மறைந்த குறையாகவும் இருக்கலாம். ஆகவே ஈற்றின் எல்லாக் குட்டிகளுக்கும் விற்பனைக்கு முன்பே அந்த வயதில் பரிசோதனை நடந்த சான்றையும், தாய் தந்தையின் மரபணுப் பரிசோதனை முடிவையும் கேளுங்கள். இலேசான பாதிப்பு என்று எழுதியிருந்தால் அந்தக் குட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. இனப்பெருக்கத்துக்கு விடாமல் வளர்த்தால் போதும். சான்றே இல்லை என்பவரிடமிருந்து மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது சான்றுதான், ஊர் திரும்பும் எண்ணம் இருப்பதால், உங்களுக்கு மிக முக்கியமானது. மூளைக்குள் வேண்டாத பொருள்கள் நுழையாதபடி, அங்குள்ள இரத்தக் குழாய்ச் சுவரில் சிறு இறைப்பான்களைப் போன்ற புரதங்கள் நின்று, உள்ளே வரும் மருந்தைத் திரும்ப வெளியே தள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவுக்கு எம்.டி.ஆர். 1 என்று பெயர். கோலிகளில் பலவற்றுக்கு அந்த மரபணுவில் நான்கே நான்கு எழுத்துகள் விட்டுப்போயிருக்கின்றன. அதனால் இறைப்பான் உருவாவதே இல்லை. மற்ற நாய்க்கு ஒன்றும் செய்யாத அளவு மருந்து, கோலியின் மூளைக்குள் போய்த் தங்கிவிடுகிறது. ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி 1981இல் கால்நடைகளுக்காக விற்பனைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே கோலிகள் அதைத் தாங்குவதில்லை என்பது தெரிந்துவிட்டது. காரணம் இந்த மரபணு என்று வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காத்ரினா மீலியின் குழு கண்டுபிடித்தது 2001இல். அமெரிக்காவில் பார்த்ததில் பத்துக் கோலிகளில் ஏழு அந்தக் குறையில் ஒரு பிரதியையாவது சுமந்தன. பார்டர் கோலிகளில் இது அரிது என்பதை உங்கள் கணவரின் கட்சிக்குச் சாதகமாகக் குறித்துவைக்கிறேன்.

அளவைச் சொன்னால் அபாயம் விளங்கும். இதயப்புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையில் ஐவர்மெக்டின், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். இது கோலிக்கும் தீங்கற்றது. சொறிக்குக் கொடுப்பதோ 300 முதல் 600 மைக்ரோகிராம். இரு பிரதியும் பழுதான கோலிக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டினாலே கண்மணி விரிந்து, எச்சில் ஒழுகி, குடித்தவனைப் போலத் தள்ளாடி, பார்வை மங்கி, நினைவிழந்து விழலாம். முறிமருந்து கிடையாது. மருந்து தானாக உடலை விட்டு நீங்கும்வரை, நாள்கணக்கிலும் சில வேளை வாரக்கணக்கிலும், மூச்சுக்கும் உணவுக்கும் துணைநின்று காப்பாற்ற வேண்டும். நான் இங்கே பார்த்த முதல் நோயாளிக்கு யாரும் ஊசி போடவில்லை. முந்தைய நாள் குடற்புழு மருந்து கொடுத்த குதிரைகளின் சாணத்தைத் தின்றுவிட்டு வந்திருந்தது. பதினோரு நாள் கழித்து எழுந்து நின்றது. குதிரையும் ஆடும் மேயும் பாதையில் உங்கள் கோலியை நடத்திச் செல்லும்போது கயிறு கையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு ஆடுகளைத் துரத்திவிடும் என்பது மட்டும் காரணமன்று.

ஐவர்மெக்டின் ஒன்றோடு இது முடிவதில்லை. மனிதர்கள் வயிற்றுப்போக்குக்குப் போட்டுக்கொள்ளும் லோபெரமைடு மாத்திரை உங்கள் மருந்துப் பெட்டியிலேயே இருக்கும். பாவம் நாய்க்கும் வயிறு சரியில்லை என்று அதில் ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதே விளைவுதான். மயக்கத்துக்குமுன் கொடுக்கும் அசிப்ரோமசின், பியூட்டோர்பனால் ஆகியவற்றை அளவு குறைத்துக் கொடுக்க வேண்டும்; புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் போன்றவற்றுக்கும் இது பொருந்தும். எனவே குட்டியின் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்து அனுப்பும் மரபணுப் பரிசோதனையின் முடிவு, தடுப்பூசி அட்டையைப் போல, எப்போதும் அதன் பதிவேட்டில் இருக்க வேண்டும். வளர்ப்பாளர் ஏற்கெனவே செய்திருந்தால் சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். செய்யவில்லை என்றால், இரு பெற்றோரின் முடிவும் தெரியும்வரை, குட்டிக்குக் குறை உண்டு என்றே வைத்து நடத்துங்கள். குறை இருப்பது குட்டியை மறுக்கக் காரணமாகாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

கோயம்புத்தூருக்கு இதில் என்ன தொடர்பு என்றால், நம்மூரில் உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி இன்றும் கைக்கு எட்டிய மருந்து. விலை குறைவு, மற்ற நாய்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, நாட்டு நாய்களையும் லாப்ரடார்களையும் நாள் முழுதும் பார்க்கும் மருத்துவருக்குக் கோலி என்பது எப்போதாவது வரும் விருந்தாளி. அவரைக் குறை சொல்ல முடியாது. சொல்ல வேண்டியது நீங்கள். உண்ணிக்கும் சொறிக்கும் இப்போது ஃப்ளூரலனர் போன்ற மாத்திரைகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன, எம்.டி.ஆர். குறையுள்ள கோலிகளுக்கும் அவை ஒத்துக்கொள்கின்றன; வலிப்பு வரும் நாயாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வெயிலைப் பொறுத்தவரை, ஈரடுக்கு மயிரோடு ஏப்ரல் மாதத்துக் கோவையில் வாழ்வது கோலிக்குச் சுகமாக இராது. மொட்டையடித்தால் குளிர்ச்சி என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள், வெயில் நேரே தோலில் இறங்கும், மயிரும் முன்போல முளைக்காமல் போகலாம். விடியுமுன் நடையும், பகலில் குளிரூட்டிய அறையும் தர முடியும் என்றால் அழைத்துப் போகலாம். நான்கைந்து ஆண்டு என்பது உறுதியான திட்டம் என்றால், இங்கே நாய் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, ஊர் சென்று கன்னி, சிப்பிப்பாறை போன்ற நம்மூர் நாய் ஒன்றை வளர்ப்பதைப் பற்றி யோசியுங்கள் என்றும் சொல்வேன். வெறும் எண்ணம்தான் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டில் இருப்பவர்களின் நான்கைந்து ஆண்டு எப்படி நீளும் என்பதை என் வீட்டிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோலி 12 முதல் 14 ஆண்டு வாழும்.

மகனைப் பற்றி. நாயை வாங்கினால் பயம் தெளிந்துவிடும் என்று எண்ணி வாங்கக் கூடாது. பயம் தெளியத் தொடங்கிய பிறகே வாங்க வேண்டும். வளர்ப்பாளர் வீட்டில் வயது முதிர்ந்த கோலி ஒன்று நிச்சயம் இருக்கும். குட்டிகளைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க இரண்டு மூன்று முறை போய் வாருங்கள். அவனைத் தொடச் சொல்லாதீர்கள். நாய் ஒரு மூலையில் படுத்திருக்க, அவன் இன்னொரு மூலையில் உங்கள் மடியில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்னட்டும். அவனாக ஓரடி நகரும் நாள் வரும். வீட்டுக்குக் குட்டி வந்த பின்பும், பெரியவர் ஒருவர் அறையில் இல்லாமல் அவனையும் நாயையும் தனியே விடக் கூடாது, கோலி எவ்வளவு நல்லதாக இருந்தாலும். நாய் முகத்தைத் திருப்புவதும், உதட்டை நக்குவதும், தூக்கமின்றிக் கொட்டாவி விடுவதும் போதும் என்று அது சொல்லும் மொழி என்பதை மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கட்டிப்பிடிக்கும் ஆசை அவளுக்குத்தான் அதிகம் இருக்கும். குட்டி படுக்கும் கூண்டுக்குள் குழந்தைகள் கை நீட்டக் கூடாது என்பது முதல் நாளிலிருந்தே சட்டமாக இருக்கட்டும்.

மாமியாருக்குப் பூஜை அறை வாசலில் குழந்தைகளுக்குப் போடும் தடுப்புக் கதவு ஒன்று போதும். வாசலைத் தாண்டக் கூடாது என்பதைக் கோலி ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு, வாசலிலேயே படுத்துக் காவல் காக்கும். அவரிடம் நான் கெஞ்சிக் கேட்க வேண்டியது வேறு. பாயசத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களை உடைக்கும். பாசத்தோடு ஊட்டும் கைதான் இதில் ஆபத்தான கை. வெறும் தயிர்ச்சாதம், தாளிக்காமல், கொஞ்சம் கொடுத்தால் தவறில்லை. ஆறு மாதம் அவர் வீட்டில் இருப்பது நாய்க்குப் பெரும் பேறு, ஆனால் குட்டி காலைச் சுற்றி அவர் தடுக்கி விழாதபடி முதல் சில மாதம் கவனம் தேவை. அவர் ஊரில் இருக்கும் ஆறு மாதத்தில்தான் உங்கள் மூன்று அலுவலக நாள்கள் சிக்கலாகும். வளர்ந்த கோலி நான்கு மணி நேரம் தனியே இருக்கும். எட்டு மணி நேரம் இராது, தெருவே கேட்கக் குரைக்கும். கணவரும் நீங்களும் வெவ்வேறு நாள்களில் அலுவலகம் போக முடியுமா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். முடியாது என்றால் நடுப்பகலில் வந்து நடத்திச் செல்லும் ஆள் ஒருவருக்குப் பணம் ஒதுக்குங்கள். இரண்டும் இயலாது என்றால், வருந்துகிறேன், இப்போது நாய் வேண்டாம்.

வாங்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாக: இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது, பிறந்த இடத்திலேயே தாயோடு பார்த்துத்தான் வாங்க வேண்டும், எட்டு வாரத்துக்கு முன் கொடுக்கவும் கூடாது, மைக்ரோசிப் வளர்ப்பாளர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். கார் நிறுத்துமிடத்தில் சந்திக்கலாம் என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தாய் நாய் உங்களைக் கண்டு பதுங்கி ஒளிகிறதா, அருகே வந்து முகர்கிறதா என்று பாருங்கள். குட்டியின் குணத்தைப் பாதி அது சொல்லிவிடும். இன்னொன்று, மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இங்கே பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள திறந்தவெளி நிலங்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நடத்த வேண்டும். குட்டி ஈனும் காலத்தில் பதறும் ஆடுகளுக்கு, துரத்தும் நாய் மேய்ப்பு நாயின் பேரன் என்பது தெரியாது.

வளர்ப்பாளரைப் பார்க்கப் போகும் நாளில் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள். கோலி அவரிடம் பேசிக்கொள்ளும். மாமியாரிடம் தொலைபேசியில் சொல்லும்போது மட்டும் நாய் என்று சேர்த்துச் சொல்லுங்கள், கோலி வாங்கப் போகிறோம் என்றால் பேரனுக்குக் கோலிக்குண்டு என்று நினைத்துக்கொள்வார். குட்டி வந்து மரபணு முடிவு கையில் கிடைத்ததும் இரண்டு படி எடுத்து, ஒன்றை இங்குள்ள மருத்துவரின் பதிவேட்டில் சேர்த்துவிட்டு, மற்றதைக் கடவுச்சீட்டுகளோடு வையுங்கள். ஊருக்குப் போனால், ஊசி போடுவதற்குமுன் மருத்துவரிடம் நீட்ட வேண்டிய காகிதம் அதுதான்.